தலைமேல் வைத்த கை

"இந்தா, வண்டி கெளம்பிருச்சுக்கா. எம்மக மேல சத்தியமா அஞ்சே நிமிசம்."

கூடலூரில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டுக்கு எதிரில்தான் அந்த ஜீப் நிற்கும். விடிந்தும் விடியாமலும் வாசல் தெளிக்க நான் கதவைத் திறக்கும்போது முதலில் காதில் விழுவது இந்தச் சத்தியம்தான். ஜீப்புக்குள் இரண்டு மூன்று பெண்கள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டங்களில் கூலிவேலைக்குப் போகிறவர்கள். ஜீப் பிதுங்கி, பின்னால் நாலு பேர் தொங்காமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார் என்பது அவர்களுக்கும் தெரியும், தெருநாய்க்கும் தெரியும். அரை மணி நேரம் ஆகியிருக்கும். உள்ளேயிருந்து யாராவது ஒரு அம்மா குரல் கொடுப்பாள்.

"யோவ், ஒம்மக தலை இன்னும் கழுத்துலதான் இருக்கா? போய்ப் பாத்துட்டு வந்து வண்டிய எடு."

ஜீப்பே குலுங்கிச் சிரிக்கும். அவரும் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். அதே நேரம் எங்கள் காம்பவுண்டுக்குள் அவருடைய மகள் பவித்ரா பல் விளக்கிக்கொண்டு குழாயடியில் நின்றிருப்பாள். அவளுக்கும் எல்லாம் கேட்கும். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஊரில் அவர் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. சத்தியத்து ஜீப்பு என்றால்தான் தெரியும். "சத்தியத்து ஜீப்புல ஏறாதடி, நேரஞ்செண்டு போயி மேஸ்திரிகிட்ட ஏச்சு வாங்கவா" என்பார்கள். அப்படிச் சொன்ன வாயோடு அதில்தான் ஏறுவார்கள். ஏனென்றால் மனிதர் அத்தனை நல்லவர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. மலையிலிருந்து இறங்கும்போது எவளுக்காவது காய்ச்சல் என்றால் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிடுவார். என் மாமியாருக்கு ஒருநாள் மதியம் நெஞ்சுவலி வந்தபோது, சாப்பாட்டில் வைத்த கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து அவரைத் தூக்கி ஜீப்பில் போட்டார். கம்பம் வரைக்கும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி வரிசையில் வாருங்கள் என்று நர்ஸ் சொன்னதும், "இது என்னப் பெத்த ஆத்தாம்மா, எம்மக மேல சத்தியமா! வரிசையில நிக்கிற கேஸா இது?" என்று கண்ணில் நீரோடு கேட்டார். நர்ஸ் கதவைத் திறந்துவிட்டாள். என் மாமியார் அதன்பிறகு ஏழு வருடம் இருந்து, எனக்குத் தினமும் ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பொய்ச்சத்தியத்துக்கு நான் அன்று நன்றி சொன்னேன். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அவர் செய்ததில் பாதி அந்த மாதிரிதான். பெரிய, சொரசொரப்பான, டீசல் வாடை அடிக்கும் கை அது. காம்பவுண்டில் எந்தப் பிள்ளை எதிரே வந்தாலும் அதன் தலையில் அந்தக் கை ஒரு தடவை உட்கார்ந்து எழும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒல்லியான பெண். கோபம் வந்தால் அந்த உடம்பிலிருந்தா இந்தச் சத்தம் என்று இருக்கும். சண்டை முக்கால்வாசி நாளும் ஒரே விஷயத்துக்குத்தான். மலைக்குப் போன இடத்தில் அவர் குடித்தாரா, குடிக்கவில்லையா. குடித்துவிட்டு ஏலக்காயை மென்றுகொண்டு வருவார். வாயை ஊதச் சொன்னால் ஊதுவார். குப்பென்று ஏலக்காய் மணக்கும். "ஏலத்தோட்டத்துக்குப் போயிட்டு வாரவன் வாயில ஏலக்கா மணக்காம மல்லியப்பூவா மணக்கும்?" என்று கேட்பார். அதற்குமேல் அந்த அக்காவால் ஒன்றும் நிரூபிக்க முடியாது. அதனால் மகளைக் கூப்பிடுவாள்.

நாங்கள் எல்லோரும் பார்த்த காட்சிதான் இது. சாயங்காலம் சத்தம் ஆரம்பித்ததும் காம்பவுண்டில் ஒவ்வொரு வீடாக டிவி சத்தம் குறையும். கேட்பதற்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது அல்லவா. பவித்ரா என்று ஒரு கத்தல் வரும். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை பென்சிலை மூடியில் செருகி வைத்துவிட்டு எழுந்து வரும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில், நிலைப்படிக்குக் கீழே, எங்கே நிற்கவேண்டும் என்று அதற்குத் தெரியும். தலையைக் கொஞ்சம் குனிந்து கொடுக்கும்.

"வை. புள்ள தலையில கைய வச்சுச் சொல்லு. குடிக்கலன்னு சொல்லு."

"இதுல என்ன இருக்கு? எம்மக மேல சத்தியமா ஒரு சொட்டு வாயில படல. போதுமா? ஏத்தா, ஒங்கம்மாளுக்குச் சொல்லு, போதுமான்னு."

சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விடுவார். சண்டை முடிந்துவிட்டது என்று டிவி சத்தம் பழையபடி ஏறும். ஆனால் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவும் அவர்கள் வீட்டுக் கொல்லைக் கதவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால், அதற்குப் பிறகு நடப்பது எனக்கு மட்டும் கேட்கும். அந்த அக்கா மகளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டு காதோடு கேட்பாள்.

"கை நடுங்குச்சாடி?"

"நடுங்கலம்மா."

"நல்லா ஓர்மை பண்ணிச் சொல்லு. லேசாக்கூட?"

"இல்லம்மா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தோசை வார்க்கிற சத்தம் கேட்கும்.

நான் அங்கேயே ஒரு நர்சரிப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சராக இருந்தேன். தொண்ணூற்று எட்டு, ஒன்பது சமயம். அந்த வருடம் பவித்ரா என் வகுப்புக்கு வந்தாள். அதுவரைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகத் தெரிந்தவளை அப்போதுதான் முழுநாளும் பார்க்க ஆரம்பித்தேன். நன்றாகப் படிப்பாள். கூட்டல் கணக்கில் அவளை அடிக்க ஆளில்லை. ஆனால் யாராவது அவள் பக்கம் கையைத் தூக்கினால் போதும், தோளுக்குள் கழுத்தை இழுத்துக்கொள்வாள். ஹெட்மாஸ்டர் ஒருநாள் "வெரிகுட்" என்று தலையைத் தட்டப் போனார். பிள்ளை பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. மற்ற பிள்ளைகள் சிரித்ததைச் சொல்லி முடியாது. வீட்டில் அடிக்கிறார்களோ என்று அவர் என்னிடம் கேட்டார். இல்லை சார், அந்த மனுஷன் பிள்ளையை ஒரு அதட்டு அதட்டிக்கூட நான் கேட்டதில்லை என்றேன். அது உண்மைதான்.

பிறகு முடி. வலது காதுக்கு மேலே நாலணாக் காசு அளவுக்கு ஒரு இடம் வெளுத்துத் தெரிந்தது. பூச்சிவெட்டு என்று அவள் அம்மா சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தாள். வகுப்பே வெங்காயம் நாறியது. பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்தார்கள். ஒருநாள் டிக்டேஷன் போட்டுக்கொண்டே நான் கவனித்தேன். வலது கை எழுதுகிறது. இடது கை தலைக்கு மேலாக வந்து, அந்த இடத்தில் ஒரு முடியைத் தேடிப் பிடித்து, சுற்றி, பிடுங்குகிறது. முகத்தில் வலியே இல்லை. பிடுங்கிய முடியை ஊதிவிட்டு அடுத்த வார்த்தையை எழுதினாள். வார்த்தையில் பிழையும் இல்லை.

அதற்குச் சில நாள் கழித்து இன்னொரு பிள்ளையின் அம்மா பள்ளிக்கு வந்தாள். கையில் ஒரு புது வாட்டர் பாட்டில். "எம்மக எங்கயோ களவாண்டுட்டு வந்துட்டான்னு நாலு சாத்து சாத்திப்புட்டேன் டீச்சர். கேட்டா பவித்ரா குடுத்தாங்குறா. புதுசாட்டம் இருக்கு, யாரு சும்மா குடுப்பா?" என்றாள். விசாரித்தால், ஜாமெட்ரி பாக்ஸ் ஒருத்தியிடம் இருந்தது. மினுமினுக்கிற ஸ்டிக்கர் எல்லாம் ஒரு பையனிடம். ரப்பர் வளையல் ஒருத்தி கையில். மழைக்கோட்டு யாருக்கு என்பதுகூட முடிவாகியிருந்தது, இன்னும் கொடுக்கவில்லை, சாரல் காலமாக இருந்ததால் அதுவரை தானே போட்டுக்கொள்வதாகச் சொல்லி வைத்திருந்தாள்.

இன்டர்வெல் மணி அடித்ததும் அவளை மட்டும் நிறுத்திக் கேட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"நான் செத்துப் போயிட்டா வீணாப் போயிரும்ல டீச்சர்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என்ன பேச்சு இது என்று அதட்டினேன். அவள் அழவில்லை. என்னிடமே ஒரு சந்தேகம் கேட்டாள், கணக்கில் சந்தேகம் கேட்கிற அதே குரலில்.

"டீச்சர், பொய்ச்சத்தியம் பண்ணா எத்தன நாள்ல செத்துப் போவாக?"

"யாரும் சாக மாட்டாங்க. அதெல்லாம் சும்மா."

"சும்மான்னா அப்ப ஏன் எங்கம்மா அத நம்புறாக?"

பதினோரு வருடம் பாடம் நடத்தியவள் நான். இந்தக் கேள்வியை விட்டுவிட்டு, வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். ஒரு சனிக்கிழமை அவள் அம்மா சுருளிப்பட்டியில் ஒரு துக்க வீட்டுக்குப் போக, அப்பா இவளை ஜீப்பில் முன்சீட்டில் உட்கார வைத்துக் குமுளிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். கண்ணாடி வழியே குரங்கு பார்த்தாளாம். நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தாராம். பிறகு ஒரு கடைக்குப் பின்னால் போய் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் குடித்ததை இவள் சீட்டில் முட்டிபோட்டு நின்று பார்த்திருக்கிறாள். திரும்பி வந்தவர் சட்டைப்பையிலிருந்து ஏலக்காய் எடுத்துத் தான் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு இவளுக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார். "மெல்லு ஆத்தா, மலை எறங்கையில வாந்தி வராது." அன்று சாயங்காலம் வழக்கம்போல வீட்டில் சண்டை. வழக்கம்போல இவள் தலை. ஒரு சொட்டு வாயில படல என்று அப்பா சத்தியம் பண்ணியபோது இவள் வாயில் இன்னும் அந்த ஏலக்காய் காரம் இருந்ததாம். அந்த வருடம் சுதந்திர தினத்துக்குப் பள்ளியில் ஏலக்காய் தட்டிப்போட்ட பாயசம் கொடுத்தோம். பவித்ரா அதைக் குடித்ததும் சாக்கடையில் போய் வாந்தி எடுத்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அம்மா கேட்டப்ப நடுங்குச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"மொதல்ல ஒரு தடவ சொன்னேன் டீச்சர். நெசமாவே நடுங்குச்சு. அம்மா மண்ணெண்ணெய்க் கேன எடுத்து தலையில ஊத்திக்கிட்டாக. என்னையும் பிடிச்சுக்கிட்டாக. அப்பா வந்து தட்டிவிட்டாரு. அதுலருந்து நடுங்கலன்னுதான் சொல்றேன்."

அவளே சேர்த்துக்கொண்டாள். "நான் சொல்றதும் பொய்யில்ல? அதுவும் எந்தலையிலதான் சேரும். நெறையா ஆயிருச்சு டீச்சர்."

அவளுக்கு அப்போது எட்டு வயது. உண்மையைச் சொன்னால் அம்மா செத்துப் போவாள், பொய்யைச் சொன்னால் தான் செத்துப் போவாள் என்று ஒரு பிள்ளை முடிவுகட்டி, தான் போவது என்று தீர்மானித்து, வாட்டர் பாட்டிலை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்திருக்கிறது. அந்த இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கன்னம் கன்னமாக அறைய வேண்டும் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் சின்னவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பவித்ராவுக்குப் பிறகு பல வருடம் கழித்துப் பிறந்த பையன். அப்போது ஒன்றரை வயது இருக்கும். அவனைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அந்த அக்கா காப்பி போடப் போனாள். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நடந்ததை எல்லாம் சொன்னேன். குமுளி போன கதையையும் கை நடுங்கிய கதையையும் மட்டும் விட்டுவிட்டேன், இன்னொரு சண்டைக்கு அதுவே போதும் என்பதால்.

அவர் அழுதார். நடிப்பில்லை. மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"நான் சண்டாளன் டீச்சர். ஏதோ வாய்ப் பழக்கம், வந்துருது. எம்புள்ள மனசுல இம்புட்டு இருக்குன்னு தெரியாமப் போச்சு. இன்னைக்குச் சொல்றேன் கேட்டுக்கங்க. இனிமே எம்புள்ள தலையில கைவச்சு சத்தியமே பண்ண மாட்டேன்."

சொல்லிவிட்டு அந்தக் கையை எடுத்து அவள் தலையில் வைத்தார்.

"எம்மக மேல சத்தியமா!"

என்ன செய்தோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. கண் முழுக்கத் தண்ணீரோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பவித்ரா கழுத்தை உள்ளே இழுத்தபடி நின்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாடி வீட்டுப் பெண் சிரித்துவிட்டாள். அந்த வாரம் முழுவதும் ஜீப் ஸ்டாண்டில் இதுதான் பேச்சு. சத்தியம் பண்ண மாட்டேன்னு சத்தியம் பண்ணுனான்டா என்று ஆளாளுக்கு நடித்துக் காட்டினார்கள்.

அந்த அக்கா மறுநாள் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். கோபமாகத்தான் பேசினாள்.

"நீங்க படிச்சவக, சொல்லிட்டுப் போயிருவீக. அந்த ஆளு சாமிக்குப் பயப்படுவாரா, சனீஸ்வரனுக்குப் பயப்படுவாரா? கோயில்ல சூடத்த அணைச்சே சத்தியம் பண்ணிட்டு வெளிய வந்து சிரிக்கிறாரு. புள்ள தலையில கைவைக்கையிலதான் கொஞ்சமாச்சும் ரோசன வருது. அதையும் விடச் சொன்னா நான் எதை வச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்த?"

"அந்தப் பிள்ளை சாகப் போறேன்னு நினைச்சுக்கிட்டு இருக்குக்கா."

"அவ அப்பன் நெசத்தச் சொன்னா அவ ஏன் சாகுறா?" என்றாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் கெட்டவள் இல்லை. அவளுக்கு இருந்தது ஒரே பயம், அதை அளக்க அவளிடம் இருந்தது ஒரே கருவி. அது அவள் மகளின் மண்டை.

புரட்டாசியில் பவித்ராவுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. ஒரு வாரத்தில் கண் உள்ளே போய்விட்டது. அவள் பள்ளிக்கு வராத நாளில் எங்கள் வகுப்பில் அவளுடைய மழைக்கோட்டு வந்து சேர்ந்தது, பக்கத்து வீட்டுப் பையன் கொண்டுவந்தான். அதை வாங்கி என் பீரோவில் பூட்டி வைத்தேன். காய்ச்சல் இறங்கியதும் அவளே ஒன்று கேட்டாளாம். முடியிறக்க வேண்டும் என்று. பெண்பிள்ளை தானாக மொட்டை கேட்கிறதே, சாமிதான் கேட்க வைக்கிறது என்று அந்த அக்காவுக்குப் புல்லரித்துவிட்டது. குலசாமி கோயிலில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

சந்தனம் பூசிய தலையோடு வகுப்புக்கு வந்தாள். நான் அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அந்த ஒரு நாள்தான். மற்ற பிள்ளைகள் மொட்டை மொட்டை என்று கத்தினார்கள், அவளும் சேர்ந்து கத்தினாள். பிறகு என் மேஜைக்கு வந்து ரகசியமாகச் சொன்னாள்.

"எல்லாம் முடியோட போயிருச்சு டீச்சர். இனிமே மொதல்லருந்துதான்."

அவள் அப்பாவுக்கும் மொட்டை பிடித்துப் போனது. வருகிறபோதும் போகிறபோதும் வழவழவென்று தடவினார். அடுத்த வாரமே சண்டை. அந்தக் கை அந்த மொட்டையின் மேல் உட்கார்ந்ததை நான் கொல்லைக் கதவிலிருந்து பார்த்தேன். மறுநாள் அவள் முகத்தில் பழைய அமைதி வந்திருந்தது. "முடி இல்லாட்டி கை ரொம்பச் சுடுது டீச்சர்" என்றாள். அதன்பிறகு அவள் அதைப்பற்றி என்னிடம் பேசவே இல்லை.

என் வீட்டுக்காரருக்குத் தேனிக்கு மாற்றலாகி நாங்கள் கூடலூரை விட்டு வந்துவிட்டோம். பத்து வருடம் கழித்து, குமுளி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். அவர்தான் முதலில் கண்டுகொண்டு ஓடிவந்தார். தலை நரைத்திருந்தது. கை மட்டும் அப்படியே இருந்தது. மாமியாரை விசாரித்தார், இறந்ததைச் சொன்னதும் நிஜமாகவே வருத்தப்பட்டார். என் பையை வாங்கி பஸ்ஸில் சீட்டுப் போட்டுக் கொடுத்தார். பவித்ரா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"நல்லா இருக்கா டீச்சர்."

"எங்க இருக்கா?"

"திருப்பூர் பக்கம்னு சொன்னாக. அங்கனதான் வேலை பாக்குறாளாம். போனு நம்பரு மாத்திட்டா போல. வீட்டுக்கு வந்து மூணு வருசம் ஆச்சு." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் நம்பவில்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "எம்மக மேல சத்தியமா நல்லா இருக்கா டீச்சர்" என்றார்.

பஸ் மலையிறங்கும் வரை எனக்கு அந்த ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பத் திரும்ப வந்தது. கூடலூரில் எங்கள் கடைசி மாதம் அது. குச்சனூர் சனீஸ்வரன் கோயிலில் ஆடிச் சனிக்கிழமைகளுக்குக் கூட்டம் அலைமோதும், ஜீப்புகளுக்கு ஓய்வே இருக்காது. சனிக்கிழமை காலையில் குச்சனூர் டிரிப் என்று கிளம்பியவர் ஞாயிறு மதியம்தான் வந்தார். நெற்றியில் விபூதி. கையில் எள் பொட்டலம். வாயில் ஏலக்காய். ஆனால் அவர் வருவதற்கு முன்பே தோட்டத்துப் பெண் ஒருத்தி வந்து, நேற்று முழுக்க ஜீப் குமுளியில் நின்றது என்று பற்றவைத்துவிட்டுப் போயிருந்தாள்.

நான் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். எல்லாம் என் கண்முன்னால்தான் நடந்தது. பேச்சு முற்றியது. எள் பொட்டலம் பறந்து வந்து வாசலில் சிதறியது. அந்த அக்கா வழக்கம்போலக் கத்தினாள்.

"ஏய் பவித்ரா! இங்கன வாடி!"

பவித்ரா வந்தாள். தனியாக வரவில்லை. இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் கையில் பாதி கடித்த பன். முடி மறுபடி வளர்ந்து காது வரைக்கும் இருந்தது அவளுக்கு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில், தான் வழக்கமாக நிற்கிற இடத்தில் தம்பியை இறக்கி நிறுத்தினாள். அவன் நகராமல் இருக்க இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"இவன் தலையில பண்ணுங்கப்பா" என்றாள். "எந்தலையில எடமில்ல. இவன் தலை புதுசு."

மாடி வீட்டில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். அவருடைய கை ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்டது. பழக்கப்பட்ட கை, தலை என்று ஒன்று தெரிந்ததும் தானாக நீண்டுவிட்டது. சின்னவன் அண்ணாந்து அந்தக் கையைப் பார்த்து, ஏதோ தின்பண்டம் வருகிறது என்று வாயைத் திறந்தான்.

"அடிப்பாவி! ஆம்பளப் புள்ளடீ!"

அந்த அக்கா பாய்ந்து மகனை வாரி எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டாள். இன்னொரு கையால் பவித்ராவின் கன்னத்தில் ஒன்று விட்டாள். அந்தச் சத்தம் குழாயடிவரை கேட்டது. "அவன் மேலயாடி வைக்கச் சொல்ற? எங்கொலம் அத்துப் போகணுமா? ஒனக்கு நல்ல சாவே வராதுடீ!" என்று மகன் தலையைத் தடவித் தடவி, நெட்டி முறித்து, திருஷ்டி கழித்துக்கொண்டே அழுதாள். இத்தனை வருடமாக மகள் தலையை இழுத்து இழுத்து நீட்டியவள் அவள். அந்தச் சத்தியம் ஆளைக் கொல்லும் என்று அவள் முழுதாக நம்பியிருந்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பவித்ராவுக்குக் கன்னத்தில் விரல் விரலாகத் தடித்துவிட்டது. அதை அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் இருந்த இடத்துக்கு மேலே அவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. மடக்கவும் தெரியவில்லை, இறக்கவும் தெரியவில்லை அவருக்கு. நர்ஸிடம் நடுங்காத கை, என்முன்னால் மகளின் தலையில் வைத்தபோது நடுங்காத கை.

அன்றைக்கு யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள், தெளிவாக, காம்பவுண்டுக்கே கேட்கும்படி.

"அம்மா, இந்தா பாரு. இப்ப நடுங்குதும்மா."